துபாஷியின் கணக்குப் புஸ்தகம்

நம்மில் சரித்திர நாவல் படிக்கிறவர்கள் ஏராளம். சரித்திரம் படிக்கிறவர்கள் கொஞ்சம். சரித்திரத்துக்கு ஆதாரமாக இருக்கிற பழைய காகிதத்தை எடுத்துப் படிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதற்காக வாசகரைக் குறை சொல்லிப் பயனில்லை. காகிதத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சுவைபடச் சொல்லவில்லை. ராஜா, குதிரை, வாள், சுரங்க வழி இவைகளைத் தேடிப் போகிறவர் பாக்கு ஏலமும் புகையிலைக் குத்தகையும் நிறைந்த ஒரு நோட்டுப் புஸ்தகத்தை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைப்பது இயற்கைதான். ஆனால் அப்படி மூடி வைக்கப்பட்ட புஸ்தகங்களில் ஒன்று, தமிழில் ஒரு நகரத்தின் உள்ளூர் அரசியலை இருபத்தைந்து வருஷம் பிடித்து வைத்திருக்கிறது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படிச் செய்திக் குறிப்பைத்தான் சொல்கிறேன். அதைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் நிறைய எழுதியாகிவிட்டது. கதை எழுதுகிறவன் ஒருவனுக்கு அதில் என்ன தென்படுகிறது என்று சொல்லிப் பார்க்கலாம்.

பிள்ளை 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தகப்பனார் திருவேங்கடம் பிள்ளையோடு சிறு வயதிலேயே புதுச்சேரிக்கு வந்து, வியாபாரம் பழகி, பிரெஞ்சுக் கும்பெனியின் உத்தியோகத்தில் நுழைந்தார். 1747-இல் கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷி ஆனார். துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவர் என்று அர்த்தம் சொல்லிவிடலாம். உத்தியோகம் அதோடு முடிவதில்லை. கும்பெனிக்குத் துணி வாங்கித் தருவது, வர்த்தகர்களைக் கட்டி மேய்ப்பது, நவாபுகளோடு கடிதப் போக்குவரத்து, ஊர் மகாநாட்டார்களின் வழக்கைத் தீர்ப்பது எல்லாம் அவர் தலையில்தான். வெள்ளைக்காரத் துரைக்கும் கறுப்புப் பட்டணத்துக்கும் நடுவே இருந்த ஒரே வாசல் அவர். வாசலில் உட்கார்ந்தவருக்கு உள்ளே போகிறவனையும் தெரியும். வெளியே வருகிறவன் முகம் எப்படி இருந்தது என்பதும் தெரியும். 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்தார். காதால் கேட்டது, கண்ணால் கண்டது, கப்பல் வந்தது போனது எல்லாவற்றையும் எழுதி வைப்பதாகத் தொடக்கத்திலேயே சொல்லிக்கொள்கிறார். 1761 ஜனவரியில், கோட்டை ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாள் முன்னால் அவர் இறந்துபோகும் வரையில் குறிப்பு ஓடுகிறது.

இந்தத் தமிழ்ப் புஸ்தகம் தமிழனிடம் வந்து சேர்ந்த விதத்தைச் சொன்னால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியாது. எண்பத்தைந்து வருஷம் வீட்டுப் பரண் காகிதமாகக் கிடந்ததை 1846-இல் கலுவா மோம்பிரோன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்துப் பிரதி செய்தார். 1894-இல் ழூலியன் வேன்சோன் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் சில பகுதிகளைத் தம் பாஷையில் வெளியிட்டார். 1904 முதல் 1928 வரை சென்னை ராஜதானி அரசாங்கம் இங்கிலீஷில் பன்னிரண்டு தொகுதிகள் போட்டது. பின்பாதித் தொகுதிகளைப் பதிப்பித்த டாட்வெல், எழும்பூரில் இருந்த அரசாங்க ஆவணக் காப்பகத்துக்குத் தலைவராக இருந்தவர். மூலமான தமிழில் முதல் தொகுதி புதுச்சேரியில் அச்சேறியது 1948-இல்! பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் படித்து முடித்த பிறகு, எழுதினவருடைய சொந்த பாஷைக்காரன் முறை வந்தது. அதற்குப் பின்னும் தொகுதிகள் விட்டு விட்டு வந்தன. 2019-இல் மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்துப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த பின்தான், சாதாரண வாசகன் கடையில் போய் மொத்தமாக வாங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. இதற்கு அவர்கள் இருவருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

வாங்கியவர் முதல் ஐம்பது பக்கத்தில் திணறுவார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளையின் தமிழ் புலவர் தமிழ் அல்ல. பாட்டியின் பேச்சுத் தமிழும் அல்ல. கச்சேரியில் பேசின தமிழ். பாரசீகமும் போர்த்துகீசும் பிரெஞ்சும் தெலுங்கும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். வாக்கியம் ஒரு முறை புறப்பட்டால் அரைப் பக்கம் நிற்காது. இங்கிலீஷ் தேதியும் தமிழ் வருஷ மாதமும் கிழமையும் நாழிகையும் போட்டு, கணக்கன் பேரேட்டில் வரி எழுதுவது போல் எழுதுகிறார். எந்தக் கப்பலுக்கு எத்தனை பீரங்கி வேட்டு, எந்தத் துரைக்கு எத்தனை, நஜராக வைத்தது எத்தனை வராகன், கொடுத்த சகலாத்து எத்தனை முழம். முதலில் இது சலிப்பாகத்தான் இருக்கும். கொஞ்சம் பழகின பிறகு அந்த வேட்டுகளின் எண்ணிக்கையிலேயே அரசியல் முழுவதும் அடங்கியிருப்பது புரியும். நேற்று ஒருவனுக்கு இருபத்தொன்று, இன்று பதினைந்து என்றால், நடுவில் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றும். அடுத்த பக்கத்தில் பதில் இருக்கும்.

பிள்ளையை இந்தியாவின் பெப்பிஸ் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு இந்த ஒப்புமையில் நம்பிக்கையில்லை. லண்டனில் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதிய ஸாமுவேல் பெப்பிஸ், பிறர் கண்ணுக்குப் புரியாத சுருக்கெழுத்தில் எழுதினார். மனைவி அறியக்கூடாததையெல்லாம் அதில் கொட்டினார். 1825 வரை அது அச்சேறவில்லை. தனக்குள்ளே பேசிக்கொள்கிற மனிதர் அவர். நம் பிள்ளை தனக்குள்ளே பேசவே இல்லை. மனைவி மங்கைத்தாயம்மாளைப் பற்றியும் குழந்தைகளைப் பற்றியும் எழுதினால் அது கல்யாணம், நோய், ஜாதகம் என்ற அளவில் நின்றுவிடும். அவர் எழுதுவது வெளி உலகத்தை. யார் யாரிடம் போனார்கள், போய் என்ன சொன்னார்கள், கேட்டவர் முகம் எப்படி மாறிற்று! ஒருவனுடைய அந்தரங்கத்தைத் தேடுகிறவர் பெப்பிஸைப் படிக்கட்டும். ஒரு ஊர் எப்படி ஆளப்பட்டது, அதிகாரம் எந்தச் சந்து வழியாக நடந்து போயிற்று என்று பார்க்க வேண்டுமானால் பிள்ளைதான்.

ஓர் உதாரணம். 1746 பிப்ரவரியில் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறந்துபோனார். அவர் கிறிஸ்துவர். அந்த உத்தியோகம் இனி யாருக்கு என்ற கேள்வி ஒரு வருஷத்துக்கு மேல் புதுச்சேரியைப் போட்டு ஆட்டியது. முதலியாரின் தம்பிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்சி. கிறிஸ்துவரல்லாத ஒருவர் அந்த இடத்தில் உட்காரக் கூடாது என்று பாதிரிமார். அவர்கள் பேச்சைக் கேட்கிற மதாம் டூப்ளே. இதற்கு நடுவில் முதலியாரின் சொத்து யாருக்கு என்று விதவைக்கும் தம்பிக்கும் வழக்கு. இதையெல்லாம் எழுதுகிறவரோ அதே உத்தியோகத்துக்குக் காத்திருக்கிறவர்! ஒரு நகரசபைத் தேர்தலைப் பற்றி அபேட்சகரே தினந்தோறும் எழுதி வைத்தால் எப்படியிருக்கும்? அப்படியிருக்கிறது. நடுநிலைமை கடுகளவும் இல்லை. ஆனால் ஒரு வதந்தி கூடத் தவறவில்லை. நடுநிலைமையாளர் எவரும் இவ்வளவு கவனமாகக் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார். அவருக்கு என்ன அவசரம்?

ஆவணம் என்றாலே கட்சி சேராதது, அதனால் நம்பத்தக்கது என்று நமக்கு ஓர் எண்ணம். கும்பெனிக் கடிதங்களையும் கவுன்ஸில் தீர்மானங்களையும் படித்தால் அந்த எண்ணம் போய்விடும். அங்கே எல்லாம் தீர்மானமான பின்னால் எழுதப்பட்டவை. சண்டை போட்டவர்களெல்லாம் ஒரே குரலில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். உள்ளூர் அரசியல் தீர்மானத்தில் இருப்பதில்லை. தீர்மானத்துக்கு முந்தின ராத்திரி யார் வீட்டு வாசலில் பல்லக்கு நின்றது என்பதில் இருக்கிறது.

1745-இல் நடந்த சின்னச் சம்பவம் ஒன்று. புதுச்சேரிச் சம்பாக் கோவிலுக்குள்ளே, மேல்சாதிக் கிறிஸ்துவர்களையும் பறையர் கிறிஸ்துவர்களையும் பிரித்து ஒரு குட்டைச் சுவர் இருந்தது. காரைக்கால் பாதிரியார் அங்கே எல்லாரும் ஒன்றாக இருந்து தொழ வேண்டும் என்று உத்தரவு போட, அந்தச் செய்தி புதுச்சேரிக்கு வந்து, இங்கேயுள்ளவர்களும் கேட்க, சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதிக்காரர்கள் கொதித்தார்கள். பிள்ளை இதை வேடிக்கை பார்க்கிறவரின் குரலில் எழுதுகிறார். அவருக்கு அது எதிர்க்கட்சிக்காரர்களின் வீட்டுச் சண்டை. சுவருக்கு மறுபுறம் நின்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. ஆயினும் கேட்டவர்கள் அவர்கள்தான், கேட்டார்கள், சுவர் விழுந்தது என்ற மூன்று விஷயமும் நமக்குக் கிடைத்தது இந்த அனுதாபமில்லாத மனிதரின் பேனாவினால்தான். அதே வருஷத்தில் கனகராய முதலியார், இறந்துபோன தம் மகனின் நினைவாக உழவர்கரையில் கோவில் கட்டி ஊரைக் கூட்டி விருந்து வைத்தார். பிராமணர் சமைத்தது தனி, ஒவ்வொரு ஜாதிக்கும் பந்தல் தனி. அதையும் பிள்ளை விலாவாரியாக எழுதியிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்த நகரத்தின் சமூகம் மொத்தமும் கண் முன்னே வந்து நிற்கிறது. எழுதினவர் அப்படி வைத்துப் பார்க்கவில்லை; அது நம் வேலை.

இனிக் குறையைச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கும் டூப்ளேக்கும் நடந்த சம்பாஷணைகளைப் பக்கம் பக்கமாகக் கொடுக்கிறார். படிக்க வெகு ருசி. கதை எழுதுகிறவன் காதுக்கு அங்கேதான் சந்தேகம் தட்டுகிறது. நிஜமான பேச்சு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. துரை ஒரு கேள்வி கேட்கிறார், பிள்ளை புராண உதாரணத்தோடு நீளமாகப் பதில் சொல்கிறார், துரை மெச்சுகிறார். மறுபடி கேள்வி, மறுபடி பதில், மறுபடி மெச்சுதல். எந்தக் கதாபாத்திரம் எப்போதும் சரியான பதிலையே சொல்கிறதோ அந்தப் பாத்திரத்தின் மேல் ஆசிரியனுக்குப் பக்ஷபாதம் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ராத்திரி உட்கார்ந்து எழுதும்போது பகலில் சொல்ல மறந்ததையும் சேர்த்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு மூன்று வரியில் ஒரு நாளை முடித்துவிடுகிற இடங்களில் இந்தச் சந்தேகம் எழுவதே இல்லை. அவரை நம்ப வேண்டிய அளவு, பதிவின் நீளத்துக்கு நேர் எதிராகப் போகிறது.

இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. 1748 செப்டம்பர். ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட்டிருக்கிறார். ஊர் கலங்கிக் கிடக்கிற அந்த நேரம் பார்த்து, சம்பாக் கோவிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயிலை இடித்துவிட உத்தரவாயிற்று. பாதிரிமார் இதற்காக ஐம்பது வருஷம் முயன்றார்கள் என்றும், இது தமிழர் ராஜ்யம், கை வைத்தால் வர்த்தகர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள் என்று முந்தின கவர்னர்கள் மறுத்து வந்தார்கள் என்றும் பிள்ளை எழுதுகிறார். மகாநாட்டார்கள் அவரிடம் ஓடி வருகிறார்கள். அவர் என்ன செய்தார்? உத்தியோகம் கிடைத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர்களுக்குள் ஒற்றுமையில்லை, முன்னாலேயே சேர்ந்து நின்றிருந்தால் இது நடக்குமா என்று கண்டித்தார். சுவாமிகளையும் வாகனங்களையும் காளத்தீசுவரர் கோயிலுக்குக் கொண்டுபோகிற ஏற்பாட்டைப் பற்றிப் பேசினார். கோயில் விழுந்தது. கேர்து என்ற பாதிரியார் மூலஸ்தானத்து லிங்கத்தைக் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்தார் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க லத்தீன் பாஷைகளுக்கும் உறவு உண்டு என்று 1767-இல் பாரிஸுக்கு எழுதி, பிற்காலப் பாஷைச் சாஸ்திரிகளின் பாராட்டைப் பெற்றவரும் இதே கேர்துதான். மனிதர்கள் இப்படியும் இருக்கிறார்கள்.

இந்தப் பதிவுகளைப் படிக்கும்போது பிள்ளையின் பேனா தடுமாறுவது தெரிகிறது. கோபம் ஒரு வரியில் கவர்னர் மேல், அடுத்த வரியில் மதாம் மேல், அதற்கடுத்து மகாநாட்டார்கள் மேல், கடைசியில் காலத்தின் மேல். தன் மேல் மட்டும் வருவதில்லை. தான் போய்த் துரையிடம் நின்று, இதைச் செய்தால் நான் இந்த வேலையில் இருக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்ற எண்ணத்தின் அருகில் கூட அவர் போகவில்லை. ஆனால் அதைச் சுற்றிச் சுற்றி எழுதுகிறார். அந்தச் சுற்றலிலேயே விஷயம் வெளியாகிவிடுகிறது. நாவலாசிரியன் ஒரு பலவீனமான நல்ல மனிதனைப் படைக்க நூறு பக்கம் சிரமப்படுவான். இவர் தம்மையறியாமல் நான்கு பதிவுகளில் படைத்துவிட்டார். கோயில் பின்னால் வேறு வீதியில் எழும்பிற்று. அந்தச் செப்டம்பரில் ஊர்ப் பெரியவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது இந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. பெருமைப்படும்படி இல்லை, அதனாலேயே அது பத்திரமாக இருக்க வேண்டும்.

இந்தப் புஸ்தகத்தில் பேசாதவர்கள் அநேகம். நெசவாளிகள் துணி மூட்டையாக வருகிறார்கள். படகோட்டிகள் கூலிக் கணக்காக வருகிறார்கள். தாசிகள் ஓர் உற்சவத்தில் ஆடிவிட்டு மறைந்துபோகிறார்கள். ஏமாற்றிப் பிடித்த ஏழை ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய கூட்டத்தைப் பற்றி 1743-இல் எழுதுகிறார். பிடித்தவர்களின் பெயர் தெரிகிறது, பிடிபட்டவர்கள் தொகையாக நின்றுவிடுகிறார்கள். பிரபஞ்சன் இந்தக் குறிப்புகளை வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல் எழுதினார். பின்னதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. புதுச்சேரிக்காரரான அவர் செய்த நல்ல காரியம், நாட்குறிப்பில் வாய் திறக்காதவர்களைத் திறக்க வைத்தது. தமிழில் சரித்திர நாவல் அரண்மனையை விட்டுச் சந்தைக்கு வந்தது அவரால்தான் என்று சொல்வேன். சில இடங்களில் பாத்திரங்கள் நம் காலத்து நியாயங்களைச் சற்று அதிகமாகப் பேசிவிடுகின்றன. இருந்தாலும் ஆதாரத்தை விட்டு விலகாமல், ஆதாரத்துக்கு அடிமையாகாமல் எழுதுவது எப்படி என்பதற்கு இவற்றைவிட நல்ல மாதிரி நம்மிடம் குறைவு.

பிள்ளைக்கும் தம் பெயர் நிலைக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. புலவர்களை ஆதரித்தார். தியாகராய தேசிகர் 'ஆனந்தரங்கன் கோவை' பாடினார். சீனிவாச கவி சமஸ்கிருதத்தில் 'ஆனந்தரங்க விஜய சம்பு' செய்தார். முசபர் ஜங் 3000 குதிரை மன்சப் கொடுத்தார். 'ஆனந்தப்புரவி' என்று சொந்தக் கப்பலும் ஓடிற்று. கோவையையும் சம்புவையும் இன்று ஆராய்ச்சி மாணவர்கள் புரட்டுகிறார்கள். யாருக்கும் பரிசு கொடுக்காமல், இரவில் எழுதின கணக்குப் புஸ்தகத்தைத்தான் உலகம் படிக்கிறது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று அங்கே நாம் பார்க்கிற வெள்ளைப் பட்டணம் பெரும்பாலும் அதற்குப் பிறகு கட்டினது. அதற்கு முந்தின நகரத்தைப் பார்க்க விரும்புகிறவர் போக வேண்டிய இடம் இந்தப் பக்கங்கள்தான். அந்தப் பழக்கம் அவரோடு போகவும் இல்லை. தம்பி மகன் எழுதினார். 1778 முதல் 1792 வரை இரண்டாம் வீராநாயக்கர் எழுதினார். ஒரு ஊர், தலைமுறை தலைமுறையாகத் தன் அரசியலைத் தானே எழுதி வைத்திருக்கிறது.

பெரம்பலூர் பக்கத்து ஆள் யாராவது இதைப் படித்தால் ஏக்கமாக இருக்கும். 1751-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒருபுறம், முகம்மது அலிக்காக வந்த ஆங்கிலேயர் ஒருபுறம், நடுவில் வாலிகண்டபுரத்தையும் ரஞ்சன்குடிக் கோட்டையையும் வைத்துக்கொண்டு மோதினார்கள். கோட்டைத் தலைவர் எந்தப் பக்கம் சேருவது என்று இரண்டு பேரிடமும் பேரம் பேசிக்கொண்டேயிருந்தார். ஆங்கிலேயப் படை குழம்பி ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்கு ஓடிற்று. அந்த ஓட்டத்தில் கிளைவும் இருந்தார். இவ்வளவும் நமக்குத் தெரிவது ராபர்ட் ஓர்ம் 1763-இல் லண்டனில் வெளியிட்ட புஸ்தகத்திலிருந்து. ஓர்முக்கு அந்தக் கோட்டைத் தலைவர் ஓர் இடைஞ்சல், அவ்வளவுதான். அந்தப் பேரத்தை உள்ளேயிருந்து பார்த்த ஒரு கணக்கப்பிள்ளை, ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு இரண்டு வரி எழுதியிருந்தால்! கோட்டைச் சுவர் இன்றைக்கும் நெடுஞ்சாலைப் பக்கம் நிற்கிறது. பஸ்ஸிலிருந்து பார்க்கிறோம்.

பழைய கதையை விடுங்கள். நம் காலத்து விஷயம் என்ன ஆயிற்று? கிராமக் கணக்குப்பிள்ளை உத்தியோகம் 1980-இல் எடுபட்டது. பட்டா சிட்டா அடங்கல் தாலுகாக் கச்சேரிக்குப் போயிற்று. கணக்குப்பிள்ளை வீட்டுப் பெட்டியில் கிடந்த மற்றக் காகிதங்களை, யார் வீட்டு வரப்புத் தகராறு, எந்த வருஷம் ஏரிக்குக் குடிமராமத்து, தேருக்கு யார் வடம் பிடிப்பது என்று பஞ்சாயத்து, இவைகளையெல்லாம் யார் கேட்டு வாங்கினார்கள்? பச்சைமலை அடிவாரத்துப் பூலாம்பாடியிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் மலேசியா போயின. அங்கிருந்து வந்த கடிதங்களில் கோயில் திருப்பணிக்கு எவ்வளவு, யார் பெயர் கல்லில் முதலில் வர வேண்டும் என்ற சர்ச்சை நிச்சயம் இருந்திருக்கும். அது உள்ளூர் அரசியல் அல்லாமல் வேறென்ன? கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனி மனிதர், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை முதற்கொண்டு சேர்த்து வைத்தார். பார்த்தவர்கள் பைத்தியம் என்றிருப்பார்கள். அவர் காலமான பின், சிகாகோ பல்கலைக்கழகத்தார் வந்து வாங்கினார்கள். 1994 முதல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நடக்கிறது. இங்கேயும் கண்டெடுக்க வெளியூர்க்காரர் வர வேண்டியிருந்தது.

திருச்சி ஜில்லாவிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-இல். அதிலிருந்து அரியலூர் பிரிந்தது 2001-இல். 2002-இல் மறுபடி சேர்த்துவிட்டார்கள். 2007-இல் திரும்பவும் பிரித்தார்கள். ஒரு ஆளுக்கு இரண்டு தரம் கல்யாணம் ஆன மாதிரி! அரசாங்க உத்தரவுகளின் நம்பர் காப்பகத்தில் கிடைக்கும். ஏன் பிரிந்தது, ஏன் சேர்ந்தது, எந்த ஊர்க்காரர்கள் யாரைப் போய்ப் பார்த்தார்கள், கலெக்டர் கச்சேரி போய்விட்டால் யார் கடை படுத்துவிடும் என்று பயந்தார்கள் என்பதெல்லாம் இன்னும் சிலர் நினைவில் இருக்கிறது. பெரம்பலூர் டீக்கடையில் கேட்டால் ஒரு காரணம் சொல்கிறார்கள். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் கேட்டால் அதற்கு நேர் மாறாகச் சொல்கிறார்கள். இரண்டு பேரும் சத்தியம் செய்கிறார்கள். இரண்டையும், சொன்னவர் பெயரும் தேதியும் போட்டு, ஒரு அரை ரீம் நோட்டில் எழுதி வைக்க இப்போதே யாராவது உட்கார்ந்தால் சரி; அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.